புருவத்தில் ஒரு தழும்பு

விழுப்புரம் ரயிலடியிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் ஓவியம் படித்து முடித்துத் திரும்பியிருந்த சமயம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, வீடும் ரயில்வே குடியிருப்பில். பத்திரிகைகளுக்குப் படம் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு அழைப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று போன வேலை, என்னைச் சில வருஷங்கள் பிடித்து வைத்துக்கொண்டது.

நெகட்டிவில் அம்மைத் தழும்புகளைக் கூரான பென்சிலால் மறைப்பது, பெரிதாக்கிய படங்களுக்கு வண்ணம் பூசுவது, கேட்பவர்களுக்குக் கரித்தூளால் உருவப்படம் வரைந்து கொடுப்பது, இவைதான் என் வேலைகள். நாளெல்லாம் நெகட்டிவைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு ஒரு கோளாறு வந்துவிடும். அதில் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் கண்மணி வெளிச்சம் கசியும் ஓட்டையாகவும் இருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் தெருவில் போகிற ஜனங்கள் கொஞ்ச நேரம் சரியாகத் தெரியமாட்டார்கள். இவர்கள்தான் பிரதிகள், அசல் உள்ளே மேஜைமேல் கிடக்கிறது என்று தோன்றும். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். நல்ல யோசனைகள் அந்தக் கண்கூச்சத்தில்தான் எனக்கு வந்தன.

சின்ன வயதிலிருந்தே எனக்கு முகங்கள்மேல் பைத்தியம். சுண்ணாம்பு உரிந்த சுவரில் ஒரு கிழவரின் தாடை தெரியும். ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் துருவில் ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள். யாரைப் பார்த்தாலும் மூக்கை ஒருவரிடமிருந்தும் காதை இன்னொருவரிடமிருந்தும் மனதில் கழற்றி வைத்துக்கொள்வேன். எங்கே எடுத்தேன் என்பது மறந்துவிடும். எடுத்தது மட்டும் உள்ளே இருக்கும். திருவக்கரையில் பொறுக்கிய, மரமே கல்லாகிப்போன கல்மரத்துண்டு ஒன்று என் மேஜையில் காகிதத்தின்மேல் பாரமாக இருந்தது. பார்த்தால் விறகு. பட்டையும் வரியும் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால் மட்டும் பிணத்தின் காலைத் தொட்டதுபோல் சில்லென்றிருக்கும். வேலை ஓடாத நேரங்களில் அதைத்தான் தடவிக்கொண்டிருப்பேன்.

ஸ்டூடியோ வேலை போக இன்னொரு வேலையும் இருந்தது. திண்டிவனத்தில் ஒரு டூரிங் சினிமாக் கொட்டகைக்கு விளம்பர சிலைடு எழுதுவது. கண்ணாடித் துண்டில் ஜவுளிக்கடை, சோடாக்கடை பெயர்களைச் சின்னச் சின்ன எழுத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு பெண்ணின் முகமோ பூங்கொத்தோ வரைந்து தர வேண்டும். திங்கட்கிழமைகளில் காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். ஸ்டூடியோ முதலாளி கண்டுகொள்ளமாட்டார். அவர் கத்தோலிக்கர், நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "மூச்ச அடக்குங்க" என்று சொல்வதுதான் அவருடைய நீண்ட வாக்கியம்.

ஒரு நாள் திருவாமாத்தூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, அவருடைய கட்டிக்கொடுத்த மகள், அவருடைய கொழுந்தனார். நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். அந்த அம்மாவின் கணவர் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. படையலுக்கு வைக்க ஒரு படம் வேண்டும்.

"பழைய போட்டோ எதனா இருக்குதாங்களா?" என்று கேட்டேன்.

"அவரு போட்டோவே புடிச்சிக்கிட்டதில்ல தம்பி. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு சொல்லிக்கினு இருந்தாரு. கல்யாணத்துலகூட வேணாம்னுட்டாரு" என்றார் அந்த அம்மா.

முதலாளி என்னைப் பார்த்தார். சொல்லக் கேட்டு வரைகிற வேலை எங்களுக்குப் புதிது. எனக்கோ உள்ளுக்குள் குறுகுறுப்பு. போட்டோவைப் பார்த்து வரைவதில் என்ன இருக்கிறது, இதுதான் நிஜமான வேலை என்று தோன்றியது. சரி, உட்காருங்கள் என்றேன்.

கொழுந்தனார் முன்னால் வந்து பக்கவாட்டில் முகத்தைக் காட்டினார். "என் மூக்கப் பாத்துக்குங்க தம்பி. அண்ணனுக்கும் இதே மூக்குதான். கொஞ்சம் பெருசு."

மகள், "அப்பா சிரிச்சா கண்ணு இடுங்கிப் பூடும்" என்றாள். நெற்றி எப்படி என்று கேட்டதற்கு அவளும் சித்தப்பாவும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். நான் அவரிடமே கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். காலையில் எழுந்தால் தோட்டத்துப் பக்கம் போய் வேப்பங்குச்சி ஒடிப்பார். தண்ணீர் குடித்தால் செம்பை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பார். மாட்டை அதட்டும்போது தோளில் துண்டு இருக்காது. எல்லாம் கண்முன் நடப்பதுபோல் சொன்னார்.

"மொகம் எப்படி இருக்கும்மா?"

"மொகமா?" என்றார். வாய் திறந்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "வர்ல தம்பி. கொஞ்ச நாளாவே வர மாட்டேங்குது. முதுகு வருது, நடை வருது, கை வருது. திரும்பச் சொன்னா திரும்ப மாட்டேங்கறாரு."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை அவளும் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்று தெரிந்தது. மேலே கண்ணாடிக் கூரை வழியாக உச்சி வெயில் ஸ்டூடியோவுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த சில வாரங்களில் பல முகங்கள் வரைந்து பார்த்தேன். அவர்கள் சந்தைக்கு வரும்போதெல்லாம் ஸ்டூடியோவுக்கும் வருவார்கள். ஒவ்வொரு தாளையும் அந்த அம்மா வாங்கிப் பார்த்து, "இவரு இல்லீங்க" என்று திருப்பிக் கொடுப்பார். முகம் நினைவில் வராத ஒருவர், இது அவரில்லை என்று மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்று யோசிப்பேன். வேண்டாமென்று ஒதுக்கிய முகங்களை என் மேஜையடியில் அடுக்கி வைத்திருந்தேன். பிறக்காமல் போன மனிதர்கள். அவர்கள் பக்கம் காலை நீட்ட மனசு வராது.

ஒரு திங்கட்கிழமை திண்டிவனத்திலிருந்து திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் ஸ்டூடியோவுக்கு வந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. தாளை எடுத்து வைத்தேன். கை தானாகப் போயிற்று. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யோசிக்காமல் வந்தது. அகன்ற தாடை, தடித்த கீழுதடு, கடுக்கன் போட்டுக் கழற்றியதில் நீண்டு தொங்கும் காது மடல், நேராகப் பார்க்கிற கண். இடது புருவத்தின் நடுவில் முடியில்லாத ஒரு கோடு, பழைய காயத்தின் தழும்பு. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புருவத்துக்குக் கரித்தூளைத் தேய்க்கும்போது அந்த இடத்தில் விரல் விலகிக்கொண்டது, அவ்வளவுதான்.

முதலாளி கடை சாத்த வந்தவர் பின்னால் நின்று பார்த்தார். "யாரு இது? தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்குதே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியல" என்று போய்விட்டார்.

அந்த அம்மா படத்தைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் வாங்கவில்லை. தள்ளி நின்றே பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இதான்" என்றார்.

கொழுந்தனார் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்குது. ஆனா அண்ணனுக்குப் புருவத்துல வெட்டு இல்லியே அண்ணி."

"அத எடுத்துடறேங்க" என்று ரப்பரை எடுத்தேன்.

அந்த அம்மா சட்டென்று முன்னால் வந்து படத்தின்மேல் தன் உள்ளங்கையைக் குடைபோல் பிடித்தார். "அழிக்காதீங்க. இருந்துது." கொழுந்தனார் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னா தெரியும்? நீ கூட இருந்து பாத்தியா?" என்றார்.

அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். மகள் அம்மாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமா, இருந்தாப்பலதான் இருக்குது" என்றாள்.

படையலுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சைக்கிளில் போனேன். நடுவீட்டில் பலகைமேல் படம், சாமந்தி மாலை, குத்துவிளக்கு. முன்னால் வாழையிலையில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வடையும். ஊரும் உறவும் வந்து விழுந்து கும்பிட்டார்கள். "அப்பிடியே உக்காந்துகினு நம்மளப் பாக்கறாப்பல இருக்குது" என்று ஒருவர் சொன்னார். பாராட்டு காதில் விழ விழ நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார்கள். அதன்கீழே அந்தப் புருவம் என்னைத் தெரிந்ததுபோல் பார்த்தது. வரைந்தவனைத் தெரிந்ததுபோல் அல்ல. அதற்கும் முன்னாலேயே தெரிந்ததுபோல்.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை. பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்த காலை. பலகைக் கதவுகளை இறக்கி வைத்திருந்ததால் பெட்டிக்குள் இருட்டாக இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் யாரோ எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் தூக்கினார்கள். வெளிச்சம் எதிரில் தூங்கிக்கொண்டிருந்தவரின் முகத்தில் விழுந்தது.

அகன்ற தாடை. தடித்த கீழுதடு. நீண்ட காது மடல். இடது புருவத்தின் நடுவில் ஒரு கோடு.

கண் மூடியிருந்தது. கழுத்தைச் சுற்றி மடித்துப் போட்ட துண்டு மாலைபோலக் கிடந்தது. நெற்றியில் சந்தன நிறத்தில் ஏதோ தூசி. ரயில் ஆட்டத்துக்குத் தலை மெல்ல இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தது. எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் மூச்சு விடுகிறாரா என்று மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண் திறந்தார். "இன்னா தம்பி அப்படிப் பாக்கற?"

சாதாரணக் குரல். வெற்றிலை போட்ட வாய். எனக்கு உயிர் வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. "உங்கள எங்கியோ பாத்தாப்பல இருக்குதுங்க" என்றேன்.

"எங்கியோ இன்னா? வாராவாரம் இதே பொட்டிலதானே வர்ற. கையில கண்ணாடிய வெச்சிக்கினு, எல்லார் மூஞ்சியவும் மொறச்சிக்கினு உக்காந்திருப்பியே."

அவருக்கு முண்டியம்பாக்கம் பக்கம் வீடு. திண்டிவனத்தில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, வாங்கும் மண்டியில் எடை போடுகிறவர். வாரம் முழுக்க மண்டியிலேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து திங்கள் காலையில் திரும்புகிறவர். மல்லாட்டைத் தூசி தலையிலும் நெற்றியிலும் எப்போதும் இருக்குமாம், குளித்தாலும் போகாதாம். ஆக, வாராவாரம் எதிரில் உட்கார்ந்து என்னை அறியாமலே இந்த முகத்தைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன். கை தானாக ஓடிய ரகசியம் இவ்வளவுதான். மனசு சமாதானமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த அம்மா பார்த்து "இதான்" என்று சொன்னாரே, அது என்ன?

மயிலம் வருவதற்குள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"இது சின்ன வயசுல கெணத்துல எறங்கறப்போ கல்லு பட்டு ஆனது" என்றார். "என் மூஞ்சிக்கு மால போட்டு, வெளக்கேத்தி, படையல் போட்டாங்களா?"

"ஆமாங்க."

"நான் அத பாக்கணுமே."

வேண்டாம் அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். இறங்கும்வரை அதையே பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமும் அதே பேச்சு. அதற்குள் அவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டதாம். மண்டியில் மூட்டையைத் தூக்கித் தராசில் வைக்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் தன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருப்பது நினைவுக்கு வருமாம். "பேஜாரா இருக்குது தம்பி. ஒரு தடவ பாத்துட்டா தெளிஞ்சிடும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்த அம்மாவின் ஊருக்குப் போனோம். பம்பை ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் நடந்தோம். உச்சிப்பொழுது, காலடியில் நிழலே விழாத வெயில். பாதி வழியில் அவர் நின்று, "அந்தம்மா என்னப் பாத்து பயந்துட்டா இன்னா பண்றது?" என்று கேட்டார். எனக்கும் அதே பயம்தான். மயங்கி விழுந்துவிடுவாரோ, காலைப் பிடித்துக்கொண்டு அழுவாரோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அவர் நடந்தார்.

வாசலில் அந்த அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு என் பக்கத்தில் நின்றவரை நேராகப் பார்த்தார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"வாங்க தம்பி. யாரு, கூட வந்தவரா? வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க" என்றார். முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டு செம்பில் மோர் கொண்டுவந்தார். எடைக்காரரிடம் ஒன்றைக் கொடுக்கும்போது மறுபடியும் முகத்தைப் பார்த்தார். வழிப்போக்கனைப் பார்க்கிற பார்வை. கொழுந்தனாரும் வந்து எதிரில் உட்கார்ந்தார். விளைச்சல் எப்படி, மண்டியில் என்ன விலை போகிறது என்று அவரிடம் பேசினார். கொழுந்தனாருக்குமா தெரியவில்லை? நடுவீட்டுச் சுவரில், எங்கள் தலைக்கு நேர் மேலே, அந்தப் படம் இருந்தது. காய்ந்த மாலை, கீழே மாடத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. படத்துக்கு அடியில் அதே முகம் மோர் குடித்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

எடைக்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க அண்ணன்தான்" என்றார் கொழுந்தனார். "இந்தத் தம்பி போட்டதுதான் படம்."

"புருவத்துல இன்னா அது?" என்று கேட்டார் எடைக்காரர்.

"அதுவா? மாடு முட்டினது. எனக்கு அப்போ சின்ன வயசு. புதுசா வாங்கின காளை, அண்ணன் மூக்கணாங்கயிறு மாத்திக்கினு இருந்தாரு. தலைய ஒரு ஆட்டு ஆட்டிச்சி, கொம்பு நேரா இங்க." கொழுந்தனார் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "ரத்தம்னா ரத்தம். நான்தான் ஓடிப்போயி மஞ்சத்தூள் எடுத்தாந்தேன்."

ரப்பரை எடுத்த என் கையை அந்த அம்மா அன்று தடுத்திருக்காவிட்டால் இந்தத் தழும்பே இருந்திருக்காது. அண்ணனுக்கு வெட்டு இல்லை என்று சொன்ன அதே வாய் அந்த ரத்தத்தையும் மஞ்சளையும் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் சொல்கிற முகமில்லை அது. அவர் அந்தக் காளையை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நிறம்கூடச் சொன்னார், சாம்பல் பூத்த மயிலை என்று. அந்த அம்மா தூணோரம் நின்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எடைக்காரரின் கை தானாக மேலே போய்த் தன் இடது புருவத்தைத் தடவியது.

"கண்ணுல தூசி வுழுந்துடுச்சிங்களா? தண்ணி தரட்டுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லீங்க" என்றார் அவர். எழுந்துவிட்டார்.

ஆற்று மணலுக்கு வந்துவிட்டோம். அவர் வேகமாக நடந்தார். நடுவில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"அந்தம்மா என்ன நேராப் பாத்துது. மோர் குடுக்கறப்போ இன்னொரு தரம் பாத்துது."

"ஆமாங்க."

"நான் அங்க இருந்தனா தம்பி?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க. மோர் குடிச்சீங்களே" என்றேன். சொல்லும்போதே அது ஒரு பதில் இல்லை என்று தெரிந்தது. படையலில் இறந்தவருக்கும்தான் இலைபோட்டு வைத்திருந்தார்களே.

அதன்பின் இரண்டு திங்கட்கிழமைகள் அவர் பாசஞ்சரில் வரவில்லை. எதிர் இருக்கை காலியாக இருந்த நேரங்களில் அங்கே பார்க்கவே பயமாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் நேராக ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"என்ன ஒரு போட்டோ புடிக்கணும்" என்றார் முதலாளியிடம். "பல்லு தெரியணும்."

முதலாளி புரியாமல் பார்த்தார். அந்தக் காலத்தில் யாரும் பல் தெரியப் படம் எடுத்துக்கொள்வதில்லை. கல்யாண ஜோடியானாலும் கோர்ட்டில் நிற்பதுபோல்தான் நிற்பார்கள். "எதுக்குங்க?" என்றார்.

"மால போட்ட படத்துல பல்லு தெரியாது. இதுல தெரியணும்."

முதலாளி தலையாட்டினார். நாற்காலியைக் கண்ணாடிக் கூரைக்கு நேரே இழுத்துப் போட்டார். எடைக்காரர் உட்கார்ந்து வாயை இழுத்துப் பல்லைக் காட்டினார். அது சிரிப்பாக இல்லை. வலி தாங்குகிறவர்போல் இருந்தது. முதலாளி துணிக்குள் இருந்தபடியே, "மூச்ச அடக்க வேணாம். சும்மா வுடுங்க" என்றார். அப்படி அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

நெகட்டிவ் என் மேஜைக்கு வந்தது. கறுத்த முகத்தில் கறுத்த பல் வரிசை. வழக்கமாகத் தழும்பை மறைக்கிற வேலை என்னுடையது. பென்சிலைத் தொடாமல் அப்படியே பிரதி போடச் சொன்னேன். படம் காய்ந்ததும், படையல் படத்தைக் கொடுக்குமுன் அதைப் பார்த்துப் போட்டு வைத்திருந்த சின்ன நகல் வரைவு ஒன்றை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரெண்டும் வேற வேற ஆளு" என்றார் அவர். "புருவந்தான் ஒண்ணு."

நானும் உற்றுப் பார்த்தேன். தாடை அவ்வளவு அகலமில்லை. காது அவ்வளவு நீளமில்லை. கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரே ஆள், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டு பேர். ஆற்று மணலில் அவர் கேட்ட கேள்விக்கு இதைப் பதிலாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். தன் முகத்தை அந்தச் சுவரில் பார்த்தவர் அவர். இரண்டும் வேறு என்று சொன்னால் அவருக்கு அது ஆறுதலாக இருக்குமா, இன்னும் மோசமாக இருக்குமா என்று தெரியவில்லை. நகல் வரைவை மேஜையடிக்குள் தள்ளிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பாசஞ்சரில் படத்தை அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார், முகம் தெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துணி மூட்டையோடு வந்த ஒரு வியாபாரி. அவரிடம் படத்தை நீட்டி, "எப்படி இருக்குது பாருங்க" என்றார்.

வியாபாரி வாங்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குது. யாரு, உங்க அண்ணாத்தையா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. படத்தையும் அவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். எடைக்காரர் படத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். திண்டிவனம் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கறுத்த பல் வரிசைதான் வந்தது. கண்ணாடியில் தலை வாரும்போது என் முகத்தைக்கூட அவசரமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மறு திங்கட்கிழமை முண்டியம்பாக்கத்தில் ஏறியவர் நேராக என்னிடம் வந்தார். தள்ளி உட்கார் என்று கை காட்டினார். வெற்றிலை போட்டிருந்தார், நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"போட்டோவ வீட்ல காட்னேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"போட்டோவப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான் போறப்போ என் பொண்டாட்டி அடுப்பாண்ட உக்காந்திருந்தா. போட்டோவ நீட்னேன். அவ அதப் பாக்கவே இல்ல. நிமுந்து என்னப் பாத்தா. பாத்துட்டு, 'ஏன் இப்படி எளச்சிப் போன? மண்டில சோறு துன்றதில்லியா'ன்னு கேட்டா. தட்ட எடுத்துப் போட்டா. துன்னேன்."

அவருடைய சட்டைப்பையைப் பார்த்தேன். அது காலியாக இருந்தது. படம் எங்கே என்று கேட்டதற்கு, "அவ அரிசிப் பானைக்குப் பின்னால எங்கியோ சொருகிட்டா" என்றார்.

பம்பை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. அந்த அம்மாவுக்கு இப்போது கணவரின் முகம் திரும்பி வருகிறதாம். கொழுந்தனார் ஒருநாள் சந்தையில் பார்த்துச் சொன்னார். வேப்பங்குச்சி ஒடிக்கையில் அவர் திரும்பிப் பார்க்கிறாராம், புருவத்துத் தழும்போடு. நல்லதுதானே என்றேன். அந்த மனிதரின் சொந்த முகம் எங்கே போயிற்று என்று நினைத்துக்கொண்டே கடைத்தெரு வெயிலில் நடந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்தது. கொட்டகைக்காரரிடம் சொல்லிக்கொள்ளக் கடைசியாகத் திண்டிவனம் போன திங்கட்கிழமை, உங்களை எதிரில் உட்கார வைத்து ஒரு தரம் வரையட்டுமா என்று எடைக்காரரிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன்.

"தாராளமா வரை" என்று துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பென்சிலை வைத்தேன். துண்டு வந்தது. முழங்கால்மேல் கிடந்த கைகள் வந்தன, காய்ப்பேறிய விரல்கள், நகத்தடியில் மல்லாட்டைத் தூசி. கழுத்துவரை வந்தது. அதற்குமேல் கை போக மறுத்தது. முகத்தைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன். ரயில் பேரணி ஸ்டேஷனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் முகம் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலையும் தூரத்தில் தெரிந்த மயிலம் மலையையும் வரைந்தேன்.

அவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் இல்லையே என்று கேட்கவில்லை. "மலை நல்லா வந்திருக்குது தம்பி" என்றார். திண்டிவனம் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிப் பக்கம் நடந்தார்.